டிங்கரின் கை

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேஜையை யாரோ ஈரத்துணியால துடைச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. கொஞ்சம் சாய்ஞ்சு பாத்தா கோடு கோடா தெரியும். துடைச்ச மாதிரி இருக்கும், ஆனா துடைக்கல. இந்த ஓரத்து அழுக்கைக் கையைப் பிடிச்சு அந்த ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய் விட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

எங்க தொழில்ல இதுக்குத்தான் ரெண்டு துணி. ஒரு துணியை, பெயிண்டைக் கரைக்கிற தின்னர்ல நனைச்சு வண்டித் தகட்டு மேல ஓட்டணும். தின்னர் பட்டதும் எண்ணெய், மெழுகு, கைரேகை எல்லாம் இளகி மேல வரும். அது காயறதுக்குள்ள, இன்னொரு கையில வச்சிருக்கிற காய்ஞ்ச துணியால அதை எடுத்துடணும். நாலஞ்சு விநாடிதான் நேரம். விட்டா தின்னர் ஆவியாப் போயிடும், எண்ணெய் பழைய இடத்துலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கும். இருபத்தாறு வருஷமா காருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். என் துடைப்பைப் பத்தி ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல, இந்த வருஷம் வரைக்கும்.

நீங்க கேக்கறது என் மச்சினனைப் பத்தி. தெரியும், அதுக்குத்தான் வர்றேன். பன்னண்டு நாளைக்கு முன்னாடி, புதன்கிழமை மத்தியானம், என் ஷெட்டுல இருக்கிற பெயிண்ட் ரூமுக்குள்ள அவன் செத்துப்போனான். தின்னர் ஆவி மூச்சுல ஏறி மயங்கிட்டான், விபத்துன்னு நீங்களே எழுதிக்கிட்டுப் போனீங்க. இப்ப மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. வெளிய பெஞ்சுல என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. அவ தம்பி அவன். பன்னண்டு நாளா என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கறா. "நீங்க உள்ள போனப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?" இல்லன்னு சொன்னேன். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். நம்பல. சோறு வைக்கும்போது கேக்கறா, துணி மடிக்கும்போது கேக்கறா, தூங்கிட்டாளோன்னு நினைச்சா போர்வைக்குள்ள இருந்து கேக்கறா. அவளுக்காகத்தான் இன்னிக்கு வாயைத் திறக்கறேன். ஆனா பதிலை மட்டும் தனியா எடுத்துக் குடுத்தா நீங்க என்னைத் தப்பா நினைப்பீங்க. அதனால வரிசையா சொல்றேன், குறுக்க கேக்காம இருந்தா நல்லது.

கல்யாணமாகி வந்தப்ப அவ ஒரு பெட்டியையும் ஒரு தம்பியையும் கூட்டிட்டு வந்தா. பெட்டியைப் பரண்ல ஏத்திட்டேன். தம்பியை ஏத்த முடியல. அம்மா இல்லாத பையன், இவதான் வளத்தா. பெரியவனாகி எங்கெங்கயோ டிங்கர் வேலை பாத்தான், நசுங்கின தகட்டைத் தட்டி நேராக்கற வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, "மாமா, வெளிய எதுக்கு அலையணும், உங்க ஷெட்டுலயே தட்டறேன்"னு வந்து நின்னான். இவ என் மூஞ்சியைப் பாத்தா. சரின்னேன். நான் பெயிண்ட், அவன் டிங்கர். ஊர்ல எல்லாரும் அவனை டிங்கர்னுதான் கூப்பிடுவாங்க, பேரே மறந்துபோச்சு.

அவன் வேலை தெரிஞ்சவன். பொய் சொல்ல மாட்டேன். கதவு அப்பளம் மாதிரி நொறுங்கி வந்திருந்தாலும் ரெண்டு நாள்ல நிமித்திடுவான். பள்ளத்துல பட்டி பூசி மறைக்கிற ஜாதி இல்ல. ஆனா அவனுக்கு ஒரு முறை இருந்துச்சு. தகட்டை வெறும் உள்ளங்கையால தடவித்தான் பாப்பான். கண்ணை மூடிக்கிட்டு, மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. "கண்ணு பொய் சொல்லும் மாமா, உள்ளங்கை சொல்லாது"ம்பான். எல்லா டிங்கரும் தடவித்தான் பாப்பாங்க, அது தெரியாதவன் இல்ல நான். ஆனா மத்தவங்க தட்டி முடிக்கிற வரைக்கும்தான் தடவுவாங்க. இவன் நான் அடிப்பூச்சு, அதான் பிரைமர், அடிச்ச பிறகும் வந்து தடவுவான். நான் துடைச்சு வச்ச பிறகும் தடவுவான். தன் குழந்தையைத் தடவற மாதிரி.

அந்தக் கையைப் பத்திச் சொல்றேன் சார். சாப்பாட்டு நேரம், இல்லாத நேரம்னு பாக்காம வயித்துக்கு உள்ள எதையாவது போட்டுக்கிட்டே இருப்பான், எண்ணெயில பொரிச்சதா இருந்தா சந்தோஷம். விரலை ஒவ்வொண்ணா வாயில விட்டு உறிஞ்சுவான். அப்புறம் பேன்ட்டுல ஒரு தேய்ப்பு. உடனே தகட்டுல ஒரு தடவல். தும்மினா உள்ளங்கையிலதான் தும்முவான். காதைக் குடைஞ்சு எடுத்ததை வெளிச்சத்துல பிடிச்சு ஏதோ தங்கம் கிடைச்ச மாதிரி பாப்பான். உப்புத்தாள் காய்ஞ்சிருந்தா எச்சில் தொட்டு நனைச்சுக்குவான், தண்ணி வாளி ரெண்டடி தள்ளி இருக்கும். நகத்தடியில என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, கிரீஸ், பட்டி, துரு, முந்தாநாள் சோறு.  ஒரு தடவை அதைப் பாத்துட்டு நிஜமாவே போய் வாந்தி எடுத்துட்டு வந்தேன். "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?"ன்னு அதே கையால என் நெத்தியைத் தொட்டுப் பாத்தான்.

வீட்டுலயும் இதே கதைதான். சோப்பை எடுத்தா அதுல அவன் முடி ஒட்டியிருக்கும், சுருண்டு, கறுப்பா. அது எந்த முடின்னு யோசிக்க ஆரம்பிச்சேன்னா அன்னிக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. என் துண்டுலதான் முகம் துடைப்பான். என் தம்ளர்ல வாய் வச்சுக் குடிப்பான், விளிம்புல பிசுபிசுன்னு ஒரு பிறை நிக்கும். நான் அவகிட்ட சொல்லுவேன். "அட, கூடப் பொறந்தவன் மாதிரி நினைச்சுக்கங்க, எல்லாம் ஒரே வீடுதானே"ம்பா. அவளுக்கு அது அழுக்காவே தெரியல சார். அவன் பாதி தின்னு வச்ச தட்டுல மிச்சத்தை எடுத்துச் சாப்பிடுவா. அதுக்கப்புறம் அவ கையால எனக்கு எப்படி ஒரு வாய் தண்ணி இறங்கும், நீங்களே சொல்லுங்க.

என் கை எப்படி இருக்கு பாருங்க. வெடிப்பு தெரியுது இல்ல. நாள் ஒண்ணுக்குப் பத்துப் பன்னண்டு தடவை தின்னர்லதான் கை கழுவுவேன். சோப்பு மேலோட ஏமாத்தும், தின்னர் ஏமாத்தாது. பட்டதும் ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் தோல் வெள்ளையா, காய்ஞ்சு, எதுவுமே ஒட்டாம நிக்கும். அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும். டாக்டர்ங்க கூடாதும்பாங்க. தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேத்து எடுத்துடுமாம். எடுக்கட்டுமேன்னு நினைச்சுக்குவேன். கையுறை போடறதில்ல, உள்ள வேர்க்கும், வேர்வை எனக்கு ஆகாது. வெடிப்புல ரத்தம் வர ஆரம்பிச்சப்ப வீட்டுக்காரி ஒரு கிரீம் வாங்கிக் குடுத்தா. நல்ல வாசனை. பட்டு மாதிரி வழுக்கிட்டுப் போகும். மறுக்க மனசு வரல, போட்டுக்கிட்டேன்.

இந்த வருஷ ஆரம்பத்துல கண் டாக்டர் அம்மாவோட வண்டி வந்துச்சு. கறுப்பு வண்டி. கறுப்புங்கறது பெயிண்டருக்குப் பரீட்சை. வெள்ளையில ஆயிரம் தப்பு ஒளிஞ்சுக்கும், கறுப்புல ஒரு மயிரிழை ஒளியாது. நாலு கதவும் டிங்கர் தட்டினான், நான் துடைச்சேன், அடிச்சேன். கடைசிப் பூச்சு கிளியர் கோட் அடிச்சு, ஸ்ப்ரே கன்னைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஈரப் பெயிண்டுல கடுகு கடுகா குழி விழுது. என் கண் முன்னாடியே. பெயிண்ட் அந்த இடத்துல நிக்காம, அசிங்கத்தை மிதிச்ச கால் மாதிரி விலகி விலகிப் போகுது. நடுவுல அடித் தகடு ஒரு புள்ளியா எட்டிப் பாக்குது.

குழி எதனால விழும்னு பெயிண்டர் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். அடியில எண்ணெய்ப் பசை இருந்தா விழும். யாரோ தொட்டிருந்தா விழும்.

மொத்தத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு ரெண்டாந்தடவை அடிச்சேன். துடைக்கும்போது கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் துடைச்சேன். மறுபடியும் குழி. டாக்டரம்மா வந்து குனிஞ்சு பாத்துட்டு, "இதுல பாத்தா என் மூஞ்சிக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கே"ன்னு சிரிச்சாங்க. சிரிப்பா அது. பக்கத்து ஷெட்டு ஆளுங்க காதுக்கும் போயிடுச்சு. இருபத்தாறு வருஷப் பேரு சார். தரையில மஞ்சக் கோடு போட்டேன். "டிங்கர், உன் வேலை கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் துடைச்ச பிறகு இந்தப் பக்கம் வந்தே, கையை உடைச்சிடுவேன்"னேன். "சரிங்க மாமா, சரிங்க மாமா"ன்னான். சாயங்காலம் பாக்கறேன், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, பின்கதவைத் தடவிக்கிட்டு இருக்கான். "ஒரு இடத்துல சின்ன மேடு இருக்கிற மாதிரி தோணுச்சு மாமா, நீங்க கெட்ட பேரு வாங்கக் கூடாதுல்ல." அவன் எப்பவுமே என் நல்லதுக்குத்தான் சார் எல்லாத்தையும் பண்ணுவான். அதுதான் அவன்கிட்ட சகிக்க முடியாதது.

மூணாந்தடவையும் குழி விழுந்துச்சு. அன்னிக்கு வீட்டுல சொன்னேன், ஒண்ணு அவன் ஷெட்டுல இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்னு. அவ அழுதா. "அவனுக்கு நம்மள விட்டா யாருங்க இருக்கா?"ன்னா. அவன் சமையல் ரூம்ல நின்னு பானைக்குள்ள கையை விட்டு எதையோ எடுத்துத் தின்னுக்கிட்டு, "விடுக்கா, மாமா வேலை டென்ஷன்ல பேசறாரு"ன்னான். வாய் நிறைய சோறு. பேசும்போது ஒரு பருக்கை பறந்து வந்து என் சட்டையில விழுந்துச்சு. அந்தச் சட்டையை நான் மறுபடி போடல. பெயிண்ட் கம்பெனி ஆளுக்குப் ஃபோன் பண்ணி வரச் சொன்னேன். அவர் திங்கக்கிழமை வந்தார். குழி விழுந்த கதவைப் பாத்தார், என் துணியை எல்லாம் எடுத்துப் பாத்தார், கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டுப் போனார். என்ன பேசினார்ங்கறதை அப்புறம் சொல்றேன்.

புதன்கிழமை. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ஷெட்டுல நாங்க ரெண்டு பேர்தான். பெயிண்ட் ரூம் தரை முழுக்கப் பழைய பெயிண்ட் தெறிச்சுக் கெட்டியா கிடந்துச்சு. நாலாந்தடவை அடிக்கறதுக்கு முன்னாடி ரூமே கண்ணாடியா இருக்கணும்னு நினைச்சேன். அவனைக் கூப்பிட்டு, "மாப்ளே, தரையைத் தின்னர் ஊத்தித் தேய்ச்சுக் குடு"ன்னேன். சந்தோஷமா வந்தான். மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நானே கூப்பிட்டிருக்கேன் இல்ல. ஒரு டின் முழுசா குடுத்தேன். "மாமா, உங்க மாஸ்க் குடுங்களேன், ஆவி கண்ணை எரிக்கும்"னான். என் மாஸ்க் சார் அது. என் மூச்சு போற இடத்துல அவன் வாயை வச்சிட்டா அப்புறம் நான் எதைப் போட்டுக்கறது. பத்து நிமிஷ வேலைடா, துண்டைக் கட்டிக்கோன்னேன்.

அந்த ரூம் இரும்புத் தகடு வச்சு நானே கட்டினது. ஒரு ஓட்டை கிடையாது. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. காத்தை வெளிய இழுக்கிற ஃபேனுக்கு சுவிட்ச் வெளிய, கதவுக்குப் பக்கத்துல. "ஃபேன் போடலையா மாமா"ன்னு கேட்டான். ஃபேன் ஓடினா தூசி பறக்கும்னேன். அது உண்மை இல்ல. தின்னர்ல தரை கழுவும்போது ஃபேன் கட்டாயம் ஓடணும், நேத்து வேலைக்குச் சேந்தவனுக்கும் அது தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனா மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு குனிஞ்சு தேய்க்க ஆரம்பிச்சான். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பழக்க தோஷத்துல போட்டுட்டேன்னு போன தடவை எழுதிக் குடுத்தேன். வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் யாரும் திறந்து தூசி விடக் கூடாதுன்னு வெளிய தாழ் போடறது எங்க பழக்கம், நிஜம். ஆனா அது வண்டி உள்ள இருக்கும்போது. ஆள் உள்ள இருக்கும்போது நாங்க போடறதில்ல.

கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல பாட்டு பாடிக்கிட்டேதான் தேய்ச்சான். அப்புறம் பாட்டு நின்னுச்சு. எந்திரிச்சு நின்னு தலையை உதறினான், குடிச்சவன் மாதிரி. கதவுகிட்ட வந்து தள்ளினான். திறக்கலன்னதும் சிரிச்சான் சார், நான் விளையாடறேன்னு நினைச்சுக்கிட்டு. "மாமா, ஃபேன் போடுங்க"ன்னு வாய் அசைஞ்சுச்சு. அப்புறம் கையை அந்தக் கண்ணாடி மேல வச்சான், முழு உள்ளங்கையும். எடுத்ததும் அச்சு அப்படியே நின்னுச்சு, ஒவ்வொரு ரேகையும் பிசுபிசுப்பா. நான் என் துணியை எடுத்துத் துடைச்சேன். போகல. அச்சு உள்பக்கம் இருக்கு, நான் வெளிய துடைக்கிறேன். எவ்வளவு நேரம் துடைச்சேன்னு தெரியல. அவன் கதவைத் தட்டின சத்தம் அப்பதான் கேட்டுச்சு. அப்புறம் மெதுவாச்சு.

அந்தச் சமயத்துல திறந்திருக்கலாம். திறக்கறதுக்குத் தாழ்ப்பாள்ல கையும் வச்சேன். நம்பினா நம்புங்க. அப்பதான் அவன் வாந்தி எடுத்தான். மத்தியானம் தின்னது அத்தனையும், என் ரூம் தரையில, பாதி தேய்ச்சு வெள்ளையாக்கி வச்ச இடத்துலயே. அதுலயே முட்டி போட்டான். அதுலயே கையை ஊனினான். அந்தக் கையோட என்னைப் பாத்து வந்தான். என்னால திறக்க முடியல சார். திறந்தா அவன் என் மேலதான் விழுவான்.

இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு ஃபேனைப் போட்டேன். காத்து நல்லா தெளியட்டும்னு இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் மாஸ்க் போட்டுக்கிட்டு உள்ள போனேன். தரையைச் சுத்தம் பண்ணேன், மூணு தடவை. கண்ணாடியில உள்பக்கத்து அச்சை எடுத்தேன். அதுக்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் ஃபோன் பண்ணேன். இது வரைக்கும் நீங்களே யூகிச்சிருப்பீங்க.

நீங்க என்னை மறுபடி கூப்பிட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும். போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டர் கேட்டாராமே, டிங்கர் வேலை பாக்கறவன்னு சொல்றீங்க, இவன் நகத்துல ஒரு பொட்டு அழுக்கு கூட இல்லையே, விரல் இடுக்கெல்லாம் தோல் வெளுத்துக் கிடக்கே, எப்படின்னு. புத்திசாலி. தரை தேய்ச்சதுல அப்படி ஆயிருக்கும்னு நீங்க சொல்லிப் பாத்திருப்பீங்க. தரை தேய்ச்சவனுக்குக் காது மடலுக்குப் பின்னாடி எப்படி சுத்தமாகும்னு அவர் திருப்பிக் கேட்டிருப்பார். நான்தான் துடைச்சேன். அதுக்குப் போறதுக்கு முன்னாடி, திங்கக்கிழமைக் கதையை முடிச்சிடறேன். மறைச்சுட்டான்னு நாளைக்குச் சொல்லாதீங்க.

கம்பெனி ஆள் என் காய்ஞ்ச துணியை மோந்து பாத்தார் சார். "கைக்கு என்ன போடறீங்க?"ன்னு கேட்டார். கிரீமைக் காட்டினேன். டியூபைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருந்த ஒரு வார்த்தை மேல விரலை வச்சார். சிலிக்கோன். பெயிண்டுக்கு ஜென்ம விரோதி அது. கண்ணுக்குத் தெரியாது, தின்னருக்கும் லேசுல மசியாது, பொட்டளவு பட்டாலும் குழிதான். "கிரீம் தடவி முடிச்ச கையோட காய்ஞ்ச துணியைப் பிடிக்கறீங்க. ஒரு துணியில அழுக்கை எடுத்து, அடுத்த துணியில இதைப் பூசறீங்க. டிங்கர் கை பட்ட அழுக்கை எல்லாம் நீங்க சுத்தமா எடுத்திருக்கீங்க, அதுல குறையே இல்ல. குழி உங்க கையால விழுந்தது"ன்னார்.

ஆமா சார். அவனால இல்லன்னு எனக்குப் புதன்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும்.

அவன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தான். கோபப்பட்டிருக்கலாம். மூணு மாசமா திட்டு வாங்கினவன், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தா நான் வாங்கிக்கிட்டிருப்பேன், அதோட போயிருக்கும். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே என் கையை எடுத்தான். தன் உள்ளங்கையை என் உள்ளங்கை மேல வச்சு அழுத்தினான், அவன் மூணு மணிக்குத் தின்ன எதுவோ இன்னும் அதுல இருந்துச்சு. "பாத்தீங்களா மாமா, உங்க கையும் என் கையும் ஒண்ணுதான்"னான். ராத்திரி சாப்பிடும்போது அக்காகிட்ட நடிச்சுக் காட்டினான். அவ சிரிச்சா. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரிச்சா. "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே சோப்பு வாங்கிடலாம்"னா. கம்பெனி ஆள் முன்னாடி, டாக்டரம்மா முன்னாடி, என் வீட்டுக்காரி முன்னாடி, நானும் அவனும் ஒண்ணு. திங்கக்கிழமை ராத்திரி மட்டும் இந்தக் கையை எத்தனை தடவை கழுவினேன் தெரியுமா. அவன் அழுத்தின இடம் போகவே இல்ல. இப்பவும் இருக்கு, இங்க, கட்டை விரலுக்குக் கீழ.

அவன் மேல எனக்குப் பகை எதுவும் கிடையாது, அதை எழுதிக்கங்க. வேலையைக் காப்பாத்தணும்னு பாத்தேன்.

இப்ப அவ கேள்விக்கு வர்றேன். தரையை முடிச்சேன், கண்ணாடியை முடிச்சேன். அவன் மட்டும்தான் மிச்சம். மூஞ்சியில, கழுத்துல, கையில எல்லாம் ஒட்டிக்கிட்டு, அந்தச் சுத்தமான ரூமுக்கு நடுவுல கிடந்தான். அப்படியே எப்படி ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கறது. ஒரு துணியை நனைச்சேன், இன்னொரு துணியைக் காய்ஞ்சதா வச்சுக்கிட்டேன். நெத்தியில ஆரம்பிச்சேன். காதுக்குப் பின்னாடி, கழுத்து மடிப்பு, அப்புறம் வலது கை. ஒவ்வொரு விரலா எடுத்தேன். நகத்தடிக்குத் தீக்குச்சி முனையில துணியைச் சுத்திக்கிட்டேன். அவனுக்கு அழகான விரல் சார், இத்தனை வருஷத்துல எனக்கே தெரியாது. நகம் குழந்தைக்கு இருக்கிற மாதிரி ரோஸ் கலர்ல இருந்துச்சு.

வலது கையைக் கீழ வைக்கும்போது அவன் கண்ணைத் திறந்தான். நான்தான்னு அடையாளம் தெரிஞ்சுது. "மாமா"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அக்காவைக் கூப்பிடுங்க"ன்னான். கதவு திறந்துதான் இருந்துச்சு. ஃபோன் என் பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி.

இடது கை பாக்கி இருந்துச்சு சார்.

அதை முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை என் விரலைப் பிடிச்சான், பிரிச்சு எடுத்துட்டு வேலையைப் பாத்தேன். முடிக்கும்போது அவன் கை கனமாயிடுச்சு, அதனாலதான் போயிட்டான்னு எனக்கே தெரிஞ்சுது. வெளிய உக்காந்திருக்கிறவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, உசுரு இருந்துச்சுன்னு, அவளைத்தான் கேட்டான்னு. அவனை நான் சுத்தமாத்தான் ஒப்படைச்சேன்னும் சேத்துச் சொல்லுங்க, அவளுக்கு அது ஆறுதலா இருக்கும்.